உடன் வருபவர்

எண் 1
ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமா? நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அத்தான் காலையில் நடக்கிறாரா, இல்லை ஜன்னலோரம் உட்கார்ந்து நடக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாரா?

நீ தைத்து அனுப்பிய இரண்டு சட்டைகளும் வந்து சேர்ந்தன. தோள் அளவு சரி. இடுப்புப் பக்கம் இன்னொருவரும் உள்ளே வந்து நிற்கலாம். நான் இன்னும் படையில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துத் துணியை வெட்டியிருக்கிறாய்.

வேலை வழக்கம்போல. மருத்துவமனையில் இருக்கும் இரண்டு லிஃப்டில் புதியது படுத்துவிட்டது. பழையது ஓடுகிறது. அதாவது என்னுடையது. ஆள் நின்று கம்பிக் கதவை இழுத்துச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினால்தான் அது நகரும் என்பதால், என்னை வீட்டுக்கு அனுப்பும் எண்ணத்தை மேலாளர் தள்ளிவைத்திருக்கிறார். நேற்று ஒரு பெரியவர் நான்காவது மாடியில் இறங்கும்போது, "நீங்க எந்த மாடிக்குப் போகணும் தம்பி?" என்று கேட்டார். "எல்லா மாடிக்கும்தான்" என்றேன்.

ஒரு ஸ்டூல் கேட்டிருந்தேன், கொடுத்துவிட்டார்கள். வேறு விசேஷம் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீ நலம் என்று எழுதினால் நான் நம்புவதில்லை, அதனால் நேராகவே கேட்கிறேன். ஸ்டூல் எதற்கு?

ஒன்பது வருடமாக அந்தக் கூண்டுக்குள் நின்றவன் நீ. மேலாளரே நாற்காலி போட்டபோது, "காவல் நிக்கிறவன் உக்கார மாட்டான் சார்" என்று திருப்பி அனுப்பியவன். இப்போது நீயாகக் கேட்டு வாங்கியிருக்கிறாய். அதைக் கடிதத்தின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில் சொருகியிருக்கிறாய். உன் அத்தான் படித்துவிட்டு, "ஸ்டூல்தானே, அதுக்கு ஏன் முகம் மாறுது உனக்கு?" என்கிறார். உன்னை வளர்த்தவள் நானா அவரா?

கடிதத்தின் தலையில் 'எண் 1' என்று பார்த்த பிறகுதான் புது வருடம் பிறந்ததே எனக்கு உறைத்தது. எல்லையில் இருந்தபோது ஒரு மாதத்துக் கடிதங்கள் ஒரே நாளில் வந்து விழும், அக்கா வரிசையாகப் படிக்கட்டும் என்று எண் போட ஆரம்பித்தாய். இப்போது நான்கு நாளில் தபால் வருகிறது, நீ விடவில்லை. விடாதே. எனக்கும் பழகிவிட்டது.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது உன்னுடைய பழைய ஷூ கிடைத்தது. வலது கால் மட்டும். நீ காலைக் கண்ணிவெடிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த சமயம், பார்த்தால் மனசு உடைந்துவிடுவாய் என்று உன் இடது செருப்பு, இடது ஷூ எல்லாவற்றையும் பொறுக்கி நான் குப்பையில் போட்டேன். மூன்று மாதம் கழித்துச் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று, "அக்கா, இந்தக் காலுக்கும் செருப்பு வேணுமே" என்றாய். அன்று அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

கால் எப்படி இருக்கிறது? ஐம்பத்திரண்டு படி ஏறி இறங்குகிறாயே, முடிகிறதா? நாள் முழுக்க ஊரையே ஏற்றி இறக்குகிறவனுக்கு வீட்டில் லிஃப்ட் இல்லை. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

உன் அக்கா


எண் 2
பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிந்தேன். கேட்டதற்குப் பதில் தருகிறேன்.

இந்தச் செயற்கைக் கால் வந்து பதினொரு வருடம் ஆகிறது. கால் அப்படியே இருக்கிறது, நான்தான் இளைத்துவிட்டேன் என்கிறார் மருத்துவர். முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருப்பது அதற்குள் ஆடி ஆடி, உரசி, ஒரு புண் வந்திருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவு. ஸ்டூல் அதற்காக.

இரண்டு மாதம் காலை மாட்டவே கூடாது என்கிறார். மாட்டாமல் ஐம்பத்திரண்டு படி எப்படி இறங்குவது என்று கேட்டேன். அது தன் துறை இல்லை என்றார். புண் ஆழமாகப் போனால் முழங்காலுக்கு மேலே வெட்ட நேரும் என்பது அவர் கருத்து. முழங்கால் இருப்பவன் நடைக்கும் இல்லாதவன் நடைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனாலும் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது, அதனால் மாட்டிக்கொண்டு போகிறேன்.

மூன்றாவது மாடி நர்ஸ் ஒருவர் என் காலுறையில் ஈரத்தைப் பார்த்துவிட்டார். மறுநாள் பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் வந்து, "கதவ சாத்துங்க. மேல போறதுக்குள்ள கட்டிடறேன்" என்றார். இரண்டு நடை ஆனது. இப்போது தினமும் வருகிறார். வெளியே காத்திருப்பவர்கள் லிஃப்ட் பழுது என்று நினைத்துப் படியேறிப் போய்விடுகிறார்கள்.

புதுக் காலுக்காகப் படையின் செயற்கைக் கால் மையத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அங்கே பத்து நாள் தங்க வேண்டும். விண்ணப்பத்தில் 'உடன் வருபவர்: பெயர், உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. கவலை வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகமாக இருப்பது ஒன்றுதான் குறைச்சல். முழங்காலை வெட்டுவேன் என்கிறார் மருத்துவர், இவன் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதுகிறான். கல்லுளிமங்கன் என்று உனக்குச் சின்ன வயதில் பேர் வைத்தது வீண் போகவில்லை.

உடனே கிளம்பி வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. நானூறு பள்ளிச் சீருடைக்குக் கை நீட்டித் துணி வாங்கிவிட்டேன். ஜூனுக்குள் முடித்தாக வேண்டும், என்னையும் சேர்த்து மூன்றே பேர். உன் அத்தானை ஒரு நாள்கூடத் தனியே விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நீயாவது இங்கே வந்துவிடு. வர மாட்டாய், தெரியும்.

யாரிடமாவது வாயைத் திறந்து சொல்லேன். உங்கள் மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலி கொடுத்த நற்பணி மன்றத்தைப் பற்றிப் போன வருடம் எழுதியிருந்தாய். அவர்களிடம், கீழ்த்தளத்தில் ஒரு அறை பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டால் குறைந்தா போய்விடுவாய்? அந்த நர்ஸம்மா நன்றாக இருக்கட்டும். அவர் கை அளவு எழுதி அனுப்பு, ஒரு ரவிக்கையாவது தைத்துத் தருகிறேன்.

உன் அக்கா


எண் 3
மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானுக்கு மாத்திரை மாற்றியிருப்பதாக எழுதியிருந்த அட்டை கிடைத்தது. ஒத்துக்கொள்கிறதா?

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. இருந்தும் போன ஞாயிறு மன்றத்தார் மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள். செயலாளருக்கு மேல்மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு, "உங்கள மாதிரி ஒரு வீரர் நம்ம ஊர்ல இருக்கறதே தெரியாம போச்சு சார். தப்பு எங்க பேர்லதான்" என்றார். ஏப்ரல் முதல் ஞாயிறு எனக்குப் பாராட்டு விழா.

சீருடையில் இருக்கும் படம் கேட்டார்கள். பதக்கம் எத்தனை என்று கேட்டார்கள். கால் எந்த இடத்தில், எப்படிப் போனது என்று விவரமாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நானும் நலம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு.

தலைமை தாங்குபவர் எங்கள் மேலாளர். மறுக்க வழியில்லை. மன்றத்துக்கு என் முகவரி எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. மருத்துவமனையில் வாங்கியிருப்பார்கள்.

புண் கோட்டுப் பொத்தான் அளவு.

தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மாத்திரை ஒத்துக்கொண்டது. சீருடை நூற்று நாற்பது முடிந்தது.

விழாவுக்குப் போய் வா. நல்லதுதானே. மேடையில் உட்கார நாற்காலி போடச் சொல். நீ சொல்ல மாட்டாய். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பாபினில் நூல் தீர்ந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன் அக்கா


எண் 5
மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

விழா சிறப்பாக நடந்தது. எட்டுப் பேர் பேசினார்கள். கேடயம் கொடுத்தார்கள். நல்ல கனம். மேடைக்கு ஒன்பது படி, கைப்பிடி இல்லை. இறங்கும்போது சற்று நேரமானது.

அதன் பிறகு பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் நான்காவது மாடியில் இருந்தேன். வேலைக்காக அல்ல. இப்போது செயற்கைக் காலைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஊன்றுகோல்தான். முழங்கால் இருக்கிறது. இருக்குமா என்பதை இரண்டு மாதத்தில் சொல்வார்களாம்.

அறை மாறியிருக்கிறேன். அறை எண்ணில் கவனம், இனி மூன்றாவது மாடி அல்ல, கீழ்த்தளம். கீழே கடை வைத்திருந்த இஸ்திரிக்காரர் நான் வார்டில் இருக்கும்போதே என் சாமான்களை இறக்கி, தன் சாமான்களை ஏற்றிவிட்டார். திரும்பி வந்து ஏன் என்று கேட்டேன். "கீழ புழுக்கம் தாங்கல சார். இஸ்திரிப் பெட்டி சூட்டுல வெந்து சாகறேன். மேல காத்து நல்லா வருது" என்றார். இப்போது மேலே நின்று, துணியைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்குகிறார். வாடிக்கையாளர்கள் தெருவில் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்கிறார்கள். சில நாள் வேறு வீட்டுச் சட்டை இறங்கிவிடுகிறது. கூச்சல் கேட்கும்.

தம்பி


மே 15

அன்புத் தம்பிக்கு,

சுகம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். மார்ச்சில் வந்தது எண் 3. இது எண் 5. எண் 4 எங்கே?

தபால்காரரைப் பிடித்துக் கேட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டேன். உன் அத்தான் மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னால் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். அவர் எதையும் நகர்த்தக் கூடாது, தெரியுமல்லவா.

பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தவன் ஒரு வரி எழுதக் கூடாதா? 'சற்று நேரமானது' என்றால் என்ன? விழுந்தாயா?

உன் அக்கா


எண் 6
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தான் இனி மேஜையைத் தொட வேண்டாம். எண் 4 எண்ணிக்கைப் பிழை.

நர்ஸ் இப்போது பணி முடிந்து போகும் வழியில் வருகிறார். அவர் வீடு எதிர்த் திசையில் இருக்கிறது என்று இஸ்திரிக்காரர் சொன்னார். வீட்டுக்காரம்மா வாசல் படி இரண்டுக்கும் சரிவாகப் பலகை போட்டுவிட்டார். கேட்டால், "காஸ் சிலிண்டர் உருட்டத்தான் போட்டேன். உங்களுக்குன்னு யாரு சொன்னா?" என்கிறார். என் லிஃப்டைத் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஓட்டுகிறாராம். ஸ்டூலை யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி 'லிஃப்ட் சாருடையது' என்று அதன் மேல் எழுதி வைத்திருக்கிறாராம். இவர்களில் ஒருவரும் விழாவுக்கு வரவில்லை. கேடயம் இஸ்திரிக்காரர் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது, காற்று அங்கே உண்மையிலேயே அதிகம்.

புண் மறுபடி சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. கால் மையத்திலிருந்து அழைப்பும் வந்திருக்கிறது. ஜூலை 8. உடன் வருபவர் இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். ஆள் இல்லாதவர்களுக்கு அடுத்த அழைப்பு ஆறு மாதம் கழித்து. அதற்குள் புதிய லிஃப்டைச் சரிசெய்துவிடுவார்கள், பழையதற்கு ஆள் தேவைப்படாது. தனியாகப் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

உன் அத்தான் சுகம். நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பத்தொன்பது வருடம் லாரியில் ஏற்றியதை இறக்கும் இடத்தில் ஒன்று விடாமல் எண்ணிக் கொடுத்தவனுக்கு, மூன்றுக்கு அடுத்து என்ன வரும் என்பதில் பிழை வராது. மறுபடி கேட்கப் போவதில்லை. நீ அனுப்பாததைக் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

மன்றத்துக்கு உன் முகவரியைக் கொடுத்தது நான். பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்றே, உன்னைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு எழுதிப் போட்டேன். விழா எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் எடுக்கப்போகிறார்கள் என்று நீ எழுதியபோது எனக்குத் தெரியும், அது என் வேலை என்று. வேண்டாம், போகாதே என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடுமே என்று போய் வா என்று எழுதினேன். அந்தப் படியில் உன்னை ஏற்றியது நான்.

அன்றைக்குச் செருப்பு. இன்றைக்கு இது. உனக்கு நல்லது செய்கிறேன் என்று நான் இறங்கும்போதெல்லாம் உன்னிடம் கேட்காமலே இறங்குகிறேன். என்னை மன்னித்துவிடு. கோபமாக எழுதினாலும் எழுது. எண் மட்டும் விடாதே.

உன் அக்கா


எண் 7
ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மன்னிக்க ஒன்றும் இல்லை. முகவரி எப்படிப் போனது என்பது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும்.

எண் 4 இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தாமதத்துக்கு வருந்துகிறேன்.

தம்பி


எண் 4
ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. வார்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். தாள் நர்ஸ் கொடுத்தது.

நேற்று மேடையில் செயலாளர் ஒரு கடிதத்தை வாசித்தார். 'என் தம்பியை நினைத்து எங்கள் குடும்பமே பெருமைப்படுகிறது' என்பது வரை வாசித்தார். கைதட்டினார்கள். அவர் தாளை மடித்து என் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பேசக் கூப்பிட்டார். உன் கையெழுத்து. மீதியை நான் படித்தேன். 'அவன் எதையும் கேட்க மாட்டான். நீங்களாகக் கேளுங்கள். கால் புண்ணாக இருக்கிறது, மாடி ஏற முடியவில்லை, கீழே ஒரு அறை பார்த்துத் தர முடியுமா? நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம், ரோஷக்காரன்.' எட்டுப் பேர் பேசி முடிக்கும்வரை அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது ஐந்தாவது படியில் விழுந்தேன். கையில் கேடயம் இருந்தது. அதைப் போட்டுவிட்டுத் தரையை ஊன்றியிருக்கலாம். கொடுத்ததைக் கீழே போடக் கூடாது என்று தோன்றியது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு நான் விழுந்தது தெரியவில்லை. அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை மருத்துவர் முழங்காலுக்கு மேலே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். வெட்டினால் இங்கே என்றார்.

உன் மேல் கோபம் இல்லை. நீ சொன்னது சரி, நான் கேட்க மாட்டேன். அத்தான் இருக்கும் நிலையில், நானூறு சீருடையை வைத்துக்கொண்டு நீ எப்படி வர முடியும் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. கண்ணிவெடி வெடித்த அன்றுகூட இவ்வளவு பயம் இல்லை, அன்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. நீ வந்து பக்கத்தில் இரு.

திரும்பப் படித்தால் இதை அனுப்ப மாட்டேன். அதனால் படிக்காமல் ஒட்டிவிடுகிறேன்.

தம்பி


ஜூன் 26

அன்புத் தம்பிக்கு,

எண் 4 வந்து சேர்ந்தது. வரிசைப்படி படித்தேன்.

நானூறும் போன வாரமே கொடுத்து முடித்தாயிற்று. உன் அத்தானைப் பார்த்துக்கொள்ள அவர் தங்கை வருகிறாள். "போ. நான் என்ன பச்சைக் குழந்தையா? அவன் கேட்டு நீ போகாம இருந்தா எனக்குத்தான் நெஞ்சு வலிக்கும்" என்கிறார். ஜூலை 5 காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. பலகை ஏறி உன் கதவைத் தட்டுகிறேன்.

அந்தக் கட்டத்தில் எழுதிவிடு. உடன் வருபவர்: அக்கா.

புதுக் கால் வந்த அன்றே போட்டுக்கொள்ள ஷூ வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் பெட்டியில் வைத்துக் கட்டியதைப் பிரித்து இரண்டு தடவை பார்த்துவிட்டேன். இடதும் இருக்கிறது, வலதும் இருக்கிறது.

உன் அக்கா